ராமர் பச்சையத் தட்டுனா நைட்டி வருது

ஏங்கண்ணு பேராண்டி, சித்த இப்படித் திண்ணையில ஒக்காரு. நீ இளம்பிள்ளைச் சேலையக் கடல் தாண்டி விக்கிறயாமே? ஊரே பேசுது. சந்தோசம் சாமி. நாங்கெல்லாம் தறிக்குழியில காலத் தொங்கப் போட்டுப் பாதி ஆயுச ஓட்டுனவங்க. நீ தறிப்பக்கமே எட்டிப் பாக்காம சேலை விக்கிறயே, இது லேசுப்பட்ட வித்தையா?

நேத்துப் பொழுதோட உங்கத்தை போன்ல உன்ற விளம்பரம் வந்துச்சு. ராமர் பச்சை உடல், அரக்கு பார்டர், முந்தி நெறைய ஜரிகை. 'ஆடி அதிரடி 899 ரூவா'ன்னு எழுத்து மின்னுச்சு. கட்டியிருந்த புள்ளையும் லட்சணமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. உங்கத்தைக்கு ஆசை தாங்கல, தட்டிட்டா. என்ன வந்துச்சுங்கற? ஒரு நைட்டி. அதுக்குக் கீழ குட்டிப் புள்ளைங்களுக்குப் பட்டுப்பாவாடை. அதையாச்சும் பாக்க உட்டயா? நடுவுல ஒரு பொட்டி குதிச்சு வந்து, 'போன் நம்பர் குடு, 5 பர்சன்ட் தள்ளுபடி'ன்னு மறிச்சுக்கிச்சு. அந்தப் பொட்டிய மூடற பெருக்கல் குறி எங்க இருக்குதுன்னு தேடறதுக்கு நான் கண்ணாடிய எடுத்துட்டு வர வேண்டியதாப் போச்சு. மூடி, மேல தள்ளி, கீழ தள்ளிப் பாத்துட்டு, ராமரையும் காணோம், பச்சையையும் காணோம்னு அவ போனக் கவுத்து வெச்சுட்டா.

அந்த ஒரு தட்டுக்கு நீ காசு கட்டியிருக்கற கண்ணு. ஒரு தட்டுக்கு 4 ரூவான்னே வெச்சுக்க. நூறு பேரு தட்டுனா 400. அதுல ஒருத்தி வாங்கி, சேலைக்கு உனக்கு 150 ரூவா நின்னா, மிச்சம் 250-ஐ யாரு குடுக்கறது? ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்பாங்க, உனக்கு ஆடி ஆஃபர்ல காசு பறக்குது. கூகுளுக்கும் பேஸ்புக்குக்கும் மொய் வெக்கறதுல இந்தச் சேலம் நாமக்கல் சீமையில உன்னை அடிச்சுக்க ஆளில்லை.

கூகுள்காரன் 2000-லயே இந்த விளம்பர யாவாரத்த ஆரம்பிச்சவன், வெவரமானவன். தேடறவங்க தட்டுவாங்களா, தேடுன வார்த்தைக்கும் விளம்பரத்துக்கும் பொருத்தம் இருக்குதா, தட்டுனாப் போய்ச் சேர்ற பக்கம் உருப்படியா இருக்குதா, இந்த மூணையும் பாத்து மார்க் போடறானாம். மார்க் கொறஞ்சா, அதே எடத்துக்கு உன்கிட்ட அதிகக் காசு கேப்பான். நீ குடுத்த பட்டியல்ல 899-ன்னு இருந்து பக்கத்துல 1,049-ன்னு இருந்தா, அந்தச் சேலைய விளம்பரத்துல இருந்தே தள்ளி வெச்சுருவான். இதெல்லாம் உன்ற தங்கச்சிதான் சொன்னா. காலேஜுக்கு நீ போன, படிப்பு அவளுக்கு வந்திருக்குது.

சேலம் பஸ் ஸ்டாண்டுல ராசிபுரம்னு போர்டு போட்ட வண்டி ஓமலூர்ல கொண்டுபோய் எறக்குனா, கண்டக்டர சும்மா உடுவாங்களா? உன்னைத் திட்டக்கூட ஆளில்லாம சத்தமில்லாம எறங்கிப் போறாங்க, அதனால உனக்கு ஒறைக்கல.

சரி, என்ன பண்றது தாத்தாங்கற. பெரிய மந்திரமெல்லாம் இல்ல. ராமர் பச்சை விளம்பரத்தத் தட்டுனா ராமர் பச்சைச் சேலை நிக்கற பக்கம் தொறக்கணும், கடையோட முகப்பு இல்ல. போன மாசம் ஒன்னைத் தட்டிப் பாத்தேன். சேலை சரியாத்தான் வந்துச்சு, ஆனா வாடாமல்லி நெறத்துல வந்து நின்னுச்சு. பச்சை கீழ வரிசையில எட்டாவது வட்டம். அத யாரு தேடறது? நெறத்துக்குத் தனியா லிங்க் இருக்குது, அதையே குடு. விளம்பரத்துல இருக்கற அதே படம், அதே வெலை, அதே 'ஆடி' அங்க மொத வரியில இருக்கட்டும். முகூர்த்தச் சேலைக்கு ஒரு பக்கம், ரீசெல்லருக்கு மொத்த வெலைல குடுக்கறதுக்கு ஒரு பக்கம். கல்யாணத்துக்குச் சேலை தேடறவளக் கொண்டுபோய் மொத்த யாவாரப் பக்கத்துல தள்ளுனா, அவ மெரண்டுதான் ஓடுவா. அப்பறம், ஆவணி பொறந்தும் உன்ற ஆடி விளம்பரம் ஓடிட்டே இருந்துச்சே போன வருசம்? தட்டுனா 'ஆஃபர் முடிந்தது'. ஆகா, என்ன ஒரு வரவேற்பு!

விளம்பரத்துல 'அக்கா வாங்க, பாருங்க'ன்னு அழகாத் தமிழ்ல கூப்புடற. உள்ள போனா 'ஷாப் நவ்', 'ஆட் டு கார்ட்', திருப்பிக் குடுக்கற வெவரம் முச்சூடும் இங்கிலீசு. கூப்புட்டவன் ஒருத்தன், கல்லாவுல ஒக்காந்திருக்கறவன் வேறொருத்தனா? படமும் அப்படித்தான். ஒவ்வொன்னையும் காமிராவுல எடுத்த கனத்தோட அப்படியே ஏத்தி வெச்சிருக்கற. செல்போன்ல ஒரு பக்கம் தொறக்க 3 செகண்டுக்கு மேல ஆனா, 53 பர்சன்ட் பேரு உட்டுட்டுப் போயிருவாங்கன்னு கூகுளே 2016-ல கணக்குச் சொல்லிச்சு. உன்ற பக்கம் தொறக்கறதுக்குள்ள நான் ஒரு வெத்தலை போட்டு முடிச்சேன்.

இன்னொன்னு, இது வெளையாட்டுப் பேச்சில்ல. விளம்பரத்துல 'பட்டு'ன்னு போடற, பக்கத்தோட அடியில பொடி எழுத்துல 'ஆர்ட் சில்க்'ங்கற. நம்ம சேலம் வெண்பட்டு புவிசார் குறியீடு வாங்குன சரக்கு. பட்டுன்னா சுத்தப் பட்டான்னு காட்டறதுக்கு 2004-ல இருந்து சில்க் மார்க் இருக்குது. அந்தப் பேரு மேல நீ ஏறி ஒக்காராத. விசைத்தறியில ஓடற ஆர்ட் சில்க்குக்கு என்ன கொறைச்சல்? தொவைச்சுக் கட்டலாம், வெலையும் கட்டுப்படியாகும். அதையே விளம்பரத்துல தைரியமாச் சொல்லேன்.

சொல்லாம உட்டா வம்பு தேடி வரும். 2020-ல வந்த மின்வணிக விதிப்படி, விளம்பரத்துல சொன்ன மாதிரி இல்லாத சரக்கத் திருப்பி வாங்க மாட்டேன்னு விக்கிறவன் சொல்ல முடியாது. இல்லாத வெலையக் காட்டி ஆளை இழுக்கற தூண்டில் விளம்பரத்துக்கு 2022-லயே மத்திய நுகர்வோர் ஆணையம் கடிவாளம் போட்டிருச்சு. மறு வருசமே ஏமாத்து வேலை 13-ன்னு பட்டியல் போட்டாங்க. ஒன்னைக் காட்டி இன்னொன்னத் தலையில கட்டறது அதுல இருக்குது. காசு கட்டற கடசி நிமிசத்துல கூலி, பேக்கிங்னு வெலைய ஏத்தறதும் இருக்குது. புகார் சொல்ற நம்பர் 1915. உங்கத்தைக்கு நான் இன்னும் அந்த நம்பரச் சொல்லிக் குடுக்கல, பொழைச்சுப் போ.

அடுத்த விளம்பரத்துக்குக் காசு கட்டறதுக்கு முன்னால ஒன்னு செய்யி. உங்கம்மா கையில போனக் குடு. 'இங்க தட்டு, அங்க தள்ளு'ன்னு நடுவுல வாயத் தொறக்காத. அவ பாத்த சேலைய, பாத்த நெறத்துல, பாத்த வெலைக்கு, உன்ற ஒத்தாசை இல்லாம வாங்கி முடிக்கட்டும். முடிச்சான்னா விளம்பரத்துக்குப் பணத்தக் கட்டு. முடிக்கலையா, அந்தப் பணத்துல உங்கத்தைக்கு ஒரு ராமர் பச்சைச் சேலை எடுத்துக் குடு.