அபராதமா, கட்டணமா?

கே: லேட்டாக வருகிறவர்களுக்கு அபராதம் போட்டால் ஒழுங்காக நேரத்துக்கு வந்துவிட மாட்டார்களா?

ப: இன்னும் அதிகம் பேர் லேட்டாக வருவார்கள்! இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களில் இதைச் செய்தே பார்த்தார்கள். மாலை 4 மணிக்குப் பிள்ளையை அழைத்துப்போக வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் 10 இஸ்ரேலிய ஷெக்கேல் அபராதம். சில வாரங்களில் தாமதமாக வருவோர் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பானது! வீட்டுக்குக் கிளம்ப முடியாமல் காத்திருக்கும் ஆசிரியையை நினைத்துக் கூச்சப்பட்டு ஓடிவந்த பெற்றோர், ‘அதான் காசு கட்டுகிறோமே’ என்று நிதானமாக வந்தார்கள். கூச்சத்திலிருந்து விடுதலையை இத்தனை மலிவாக விற்றால் யார்தான் வாங்க மாட்டார்கள்?

நீஸி, ருஸ்டிகினி என்ற பொருளாதார அறிஞர்கள் 2000இல் வெளியிட்ட இந்த ஆய்வில் என்னைக் கலங்கவைப்பது வேறொன்று: அபராதத்தை ரத்து செய்த பிறகும் தாமதம் குறையவே இல்லை.