பச்சடிக்கு அளவு சொல்லும் அண்ணாச்சி

பாபநாசத்திலும் அதை அடுத்த விக்கிரமசிங்கபுரத்திலும் நடைபெறும் திருமணங்களில், இரு வீட்டாருக்கும் இன்ன முறையில் உறவு என்று எவராலும் தெளிவாகச் சொல்ல இயலாதவரும், ஆயினும் அவர் வந்து சேரும்வரை ஆக்குப்புரை எனப்படும் சமையற்கொட்டகையில் ஒரு காயும் நறுக்கப்படாத அளவுக்கு இன்றியமையாதவருமான ஒருவர் உண்டு. சமைப்பது தவசுப்பிள்ளை என்றழைக்கப்படும் சமையற்காரரின் பொறுப்பு. பரிமாறுவது உறவினரின் பொறுப்பு. எதை எவ்வளவு ஆக்க வேண்டும் என்று சொல்வது மட்டுமே இவருடைய பொறுப்பாதலால், ஊரார் இவரை அளவு அண்ணாச்சி என்றே குறிப்பிடுவர்.

அரிசிக்கு அளவு சொல்வதில் இவருக்குப் பெருமை ஏதுமில்லை. எட்டுப் படி ஒரு மரக்கால், இருபத்தொரு மரக்கால் ஒரு கோட்டை என்று நெல்லைச் சீமை நெடுங்காலமாக அளந்து பழகிய பொருள் அது. இவருடைய புலமை முழுவதும் வெளிப்படுவது வெள்ளரிக்காய்த் தயிர்ப்பச்சடியில்தான். விருந்தினர் 500 பேர் என்றால், தலைக்கு ஒரு சிறு கரண்டி, அதாவது ஏறத்தாழ 40 கிராம் வீதம் 20 கிலோ, அதில் பாதி தயிர், மீதி 10 கிலோ நறுக்கிய காய், தோலும் விதையும் கசந்த காம்பும் கழியுமாதலால் சந்தையில் வாங்க வேண்டியது சுமார் 13 கிலோ என்று பள்ளிப்பிள்ளைகூடச் சொல்லிவிடும். அண்ணாச்சிக்கோ இத்தகைய கணக்கின்மீது மதிப்பில்லை. “தலைய எண்ணி என்ன வே செய்ய? எந்த ஊரு ஆளுன்னு சொல்லும்” என்பதே அவருடைய முதற்கேள்வி.

அவருடைய கோட்பாட்டின்படி, அம்பாசமுத்திரத்திலிருந்து பேருந்தில் வந்து இறங்குபவருக்கு ஒரு கரண்டி போதும். தாமிரபரணியில் குளித்துவிட்டுத் தலை துவட்டியபடி பந்திக்கு வருபவருக்கோ இரண்டு கரண்டியும் காணாது. மேலும், இலைவிருந்தில் பச்சடியின் அளவைத் தீர்மானிப்பது வாளி தூக்கி வருபவரின் கையே என்பதால், மாப்பிள்ளையின் நண்பர்கள் பரிமாறினால் ஒரு கணக்கும், செலவின் பாரம் தெரிந்த பெண்ணின் சித்தப்பா பரிமாறினால் வேறொரு கணக்கும் அவரிடம் உண்டு. ஆக்குப்புரையின் ஓரத்தில் சாக்கோடு வைத்த வெள்ளரிக்காயை நோக்கி மரத்திலிருந்து இறங்கிவரும் குரங்குகளுக்கெனவும் அவர் ஒரு பங்கு ஒதுக்குவார். பாபநாசத்தை அறிந்த எவரும் இதை மிகை என்று சொல்லத் துணியார். திருமணத்துக்கு மறுநாள் தேங்காய்ப்பாலில் ஆக்கும் சொதி விருந்தில் கணக்கு அடியோடு மாறிவிடும்: அதற்குத் துணையாக வரும் இஞ்சிப் பச்சடி, தேங்காய்ப்பாலின் கனத்தைச் செரிக்கச் செய்யும் மருந்து என்பது அவர் முடிபாதலால், அதை அவர் கரண்டியால் அளப்பதில்லை, விரல்நுனியால் காட்டுவார்.

விருந்தினர் தொகையை நம்பலாகாது என்பதற்கு அவர் காட்டும் சான்று தலபுராணத்திலேயே உள்ளது. கயிலையில் இறைவன் திருமணத்துக்குக் கூடிய கூட்டத்தால் வடதிசை தாழ்ந்தது என்றும், உலகைச் சமன்செய்யத் தெற்கே அனுப்பப்பட்ட அகத்தியருக்கு அத்திருமணக் காட்சி பாபநாசத்தில் காட்டப்பட்டது என்றும் வழங்கும் வரலாறு, சித்திரை விசுவன்று பாபநாசநாதர் கோயிலில் விழாவாகவே கொண்டாடப்படுகிறது. கடவுள் வீட்டுக் கல்யாணத்திலேயே வருகையாளர் கணக்குத் தவறியிருக்க, மனிதர் வீட்டுக் கல்யாணத்தில் 500 என்பதற்கு என்ன பொருள் என்று அவர் கேட்கும்போது மறுத்துப் பேச ஆளிருக்காது.

இவ்வளவையும் தவசுப்பிள்ளை தலையாட்டிக் கேட்டுக்கொள்வார், செய்வதோ வேறு. வெள்ளரிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நீரே இருப்பதாலும், உப்பு அந்நீரை வெளியே இழுத்துவிடுவதாலும், முன்கூட்டியே கலந்த பச்சடி கடைசிப் பந்திக்குள் மோராகிவிடும் என்பதை அறிந்த அவர், காயைத் தனியாகவும் தயிரைத் தனியாகவும் வைத்துக்கொண்டு, இலையில் ஆட்கள் அமர்ந்தபின் அந்தப் பந்திக்கு வேண்டியதை மட்டும் உப்பிட்டுக் கலப்பார். எனவே மிஞ்சுவது நறுக்கிய காய் மட்டுமே. அது இரவுக் கூட்டில் ஒருவருக்கும் தெரியாமல் சேர்ந்துவிடும்.

அவ்வாறாயின் அண்ணாச்சி எதற்கு என்ற வினா எழலாம். பச்சடி மிஞ்சினால் “மிஞ்சுனாத்தாம்வே கல்யாண வீடு” என்றும், காணாமற்போனால் “அம்புட்டு ருசி” என்றும் அவர் விளக்கம் சொல்வார், இரண்டும் ஏற்கப்படும். ஏனெனில் பெண்ணின் தகப்பனார் தேடியது சரியான எண்ணை அன்று, அந்த எண்ணுக்குப் பொறுப்பேற்க ஓர் ஆளை. கடைசிப் பந்தியில் வாளி காலியாகிச் சம்பந்தி வீட்டார் முகம் சுளிக்கையில், “அண்ணாச்சி சொன்ன அளவுதான்” என்ற ஒரே சொல்லால் அவர் தப்பித்துக்கொள்ள, பழி முழுவதையும் அண்ணாச்சி வெற்றிலையோடு சேர்த்து மென்றுவிடுகிறார். பந்தி நடத்தத் தெரிந்தவர்கள் ஊரில் பலர் இருக்க, அடுத்த கல்யாணத்துக்கு அழைப்பிதழ் அச்சாகும் முன்பே இவருக்கு மட்டும் ஆள் அனுப்பப்படுவதன் காரணம் இதுவே.