உப்புக்கறையோடு குடித்தனம்

சென்னைப் புறநகரில் ஒரு வீடு கட்டி எத்தனை வருஷமாயிற்று என்று தெரிந்துகொள்ளப் பத்திரத்தைப் புரட்ட வேண்டியதில்லை. குளியலறைக் குழாயைப் பார்த்தால் போதும். கிரகப்பிரவேசத்தன்று அதில் நம் முகம் தெரியும். அடுத்த பொங்கலுக்குள் முகம் மங்கிவிடும். அதற்கடுத்த பொங்கலுக்கு அது குழாய்தானா, சுவரில் துருத்திக்கொண்டிருக்கும் சுண்ணாம்புக் கட்டியா என்று தடவிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எல்லாம் போர் தண்ணியின் உபயம்.

என் மாமனாருக்கு ஊர் ஸ்ரீவைகுண்டம். தாமிரபரணியில் முங்கி வளர்ந்த உடம்பு. ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார் வேறு. எங்கள் வீட்டில் குளித்துவிட்டு வந்தவர் துண்டோடு கூடத்தில் நின்று, "என்ன மாப்ள, சோப்பு நுரைக்கவே மாட்டேங்கு?" என்று கேட்டார். பெண் கொடுக்கும் முன் சம்பளம், ஜாதகம், சொந்த வீடு எல்லாவற்றையும் விசாரித்த மனிதர், தண்ணீரை விசாரிக்காமல் விட்டுவிட்ட வருத்தம் அந்தக் குரலில் இருந்தது. அடுக்களையில் மாமியார், குக்கர் ஓயாமல் விசில் அடித்தும் மசியாத துவரம்பருப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் குற்றவாளி ஒன்றுதான். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துத் திரித்துவிடும். பருப்பையும் கெட்டிப்படுத்திவிடும். பருப்பை நல்ல தண்ணியில் வேகவைக்கலாம், அல்லது ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடலாம். மாப்பிள்ளைக்குத்தான் அப்படி எதுவும் கைவசம் இல்லை.

வாத்தியார் சும்மா இருப்பாரா? பல் விளக்கிக்கொண்டிருந்த பேரனுக்கு அங்கேயே வகுப்பு எடுத்தார். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கார்பன் டை ஆக்ஸைடைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. போகிற வழியில் இருக்கும் சுண்ணாம்பைக் கரைக்கிறது. கரைந்திருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் காய்ந்தாலும் சரி, கொதித்தாலும் சரி, அந்த வாயு வெளியேறிவிடும். சுண்ணாம்பு கால்சியம் கார்பனேட்டாக அங்கேயே உட்கார்ந்துவிடும். முட்டை ஓடும் அதுதான், பளிங்குக் கல்லும் அதுதான். தாஜ்மகாலுக்கு ரயிலேறிப் போய் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறோம். அதே சரக்கு குழாய் வழியாக வீடு தேடி வந்தால் நமக்குப் பிடிப்பதில்லை.

இந்தப் பளிங்கைப் பெயர்க்கத் தமிழ்நாட்டின் தேசிய ஆயுதம் ஆசிட். "பினாயில், ஆசிட், ப்ளீச்சிங் பவுடர்" என்று மூன்று சக்கர வண்டியில் கூவிக்கொண்டு வருவார்களே, அவர்களுக்கு எங்கள் தெருவில் பெரிய வாடிக்கை என் அத்தைதான். அத்தையைப் பொறுத்தவரை சுத்தம் என்றால் கண் எரிய வேண்டும், தொண்டை கமற வேண்டும். ஊற்றியவுடன் தரையில் புஸ்ஸென்று பொங்கினால், "பாத்தியா, அழுக்கு எப்படிக் கதறுது!" என்பாள்.

கதறுவது அழுக்கு அல்ல, தரை. அத்தை வீட்டில் போட்டிருப்பது மொசைக். சிமென்ட்டில் பளிங்குச் சில்லுகளைப் பதித்து இழைத்த தரை. கறையும் கால்சியம் கார்பனேட், சில்லும் கால்சியம் கார்பனேட். பங்காளிகளில் யாரைத் தின்பது, யாரை விடுவது என்ற பாகுபாடெல்லாம் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குத் தெரியாது. கறை போகும், கூடவே மெருகும் போகும். சொரசொரப்பான தரையில் அடுத்த கறை இன்னும் சௌகரியமாகப் பிடித்துக்கொள்ளும். உடனே அத்தை இன்னும் இரண்டு பாட்டில் வாங்குவாள். டைல்ஸ் தரையென்றால் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே இருக்கிற சிமென்ட் அரிக்கும். தண்ணீர் வடியும் துளையின் எவர்சில்வர் சல்லடை புள்ளி விழுந்து கறுக்கும். குழாயின் குரோம் பூச்சு உரிந்து உள்ளே இருக்கும் பித்தளை பல்லிளிக்கும். ஒன்றில் மட்டும் விளையாட்டு வேண்டாம்: ஆசிட் ஊற்றிய இடத்தில் ப்ளீச்சிங் பவுடரைத் தூவாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. கதவு சாத்திய சின்னக் குளியலறையில் அது ஆளையே சாய்த்துவிடும். இதை அத்தையிடம் சொல்ல மட்டும் நான் குரலை உயர்த்தியிருக்கிறேன்.

சுண்ணாம்பை வெல்ல முரட்டு அமிலம் தேவையில்லை. சாது அமிலமும் கொஞ்சம் நேரமும் போதும். வெள்ளை வினிகர் நல்லது. சிட்ரிக் ஆசிட் பொடி அதைவிட மலிவு, நாற்றமும் கிடையாது. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். வெந்நீரில் இரண்டு ஸ்பூன் கரைத்து, பழைய பனியனை நனைத்துக் குழாயின் கழுத்தில் சுற்றி விட்டுவிடுங்கள். டிபன் சாப்பிட்டு, பேப்பர் படித்து முடித்துவிட்டு வந்து நாரால் தேய்த்தால் கட்டி கட்டியாகப் பெயரும். ஷவருக்கு ஒரு பாலிதீன் பையில் வினிகரை ஊற்றி, பூவாளி முங்கும்படி ரப்பர் பேண்டால் கட்டித் தொங்கவிட வேண்டும். இதை வீட்டில் முன்கூட்டியே அறிவித்துவிடுவது உத்தமம். விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு ஷவரைத் திறப்பவர் ஊறுகாய் வாசனையோடுதான் ஆபீஸ் போவார். குழாய் முனையில் இருக்கும் சின்னச் சல்லடை திருகினால் கழன்று வரும். அதையும் ஒரு கிண்ணத்தில் ஊறப்போடலாம். தண்ணீர் மெலிந்து வந்தால் மோட்டாரையும் பிளம்பரையும் சந்தேகிக்கும் முன் அதைச் சந்தேகிக்க வேண்டும். பளிங்கு, மொசைக் பக்கம் மட்டும் இந்தச் சாதுக்களையும் விடக்கூடாது.

வாட்ஸப் வைத்தியம் ஒன்று உண்டு. ஆப்பசோடாவைத் தூவி மேலே வினிகரை ஊற்றுவது. பிரமாதமாக நுரைக்கும். நுரையைக் கண்டால் தமிழனுக்கு ஒரு நம்பிக்கை, காபியிலேயே பழகிவிட்டோம். உண்மையில் அங்கே காரமும் அமிலமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு செத்துப்போகின்றன. மிச்சமிருக்கும் வெறும் தண்ணீரைக் கறை வேடிக்கை பார்க்கும்.

கறை வராமலே தடுக்க வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. தண்ணீர் எங்கே காய்கிறதோ அங்கேதான் சுண்ணாம்பு உட்காரும். குளித்து முடித்ததும் சுவரையும் தரையையும் ஒரு முறை வைப்பரால் வழித்து, குழாயை ஒரு துணியால் துடைத்தால் கறைக்குப் பிறக்க இடமே இல்லை. ஒரு நிமிஷ வேலை. இந்த ஒரு நிமிஷத்தைத் தமிழ்க் குடும்பம் எதுவும் செலவழிக்காது என்ற உறுதியின் மேல்தான் இத்தனை கம்பெனிகள் நடக்கின்றன. எங்கள் வீட்டில், கடைசியாகக் குளிப்பவர் துடைக்க வேண்டும் என்று மனைவி சட்டம் போட்டாள். அன்றிலிருந்து எல்லாரும் அதிகாலையிலேயே குளிக்கிறோம்.

கறை இருக்கும் வீட்டை எப்படியோ மோப்பம் பிடித்துவிடுகிறார்கள் தண்ணீர் மெஷின் விற்பவர்கள். மாமனார் இருந்தபோது ஒரு பையன் வந்தான். கழுத்தில் டை, கையில் டி.டி.எஸ். மீட்டர். எங்கள் குழாய்த் தண்ணீரை ஒரு கண்ணாடித் தம்ளரிலும், தான் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீரை இன்னொன்றிலும் ஊற்றினான். கம்பிகள் வைத்த ஒரு கருவியை இரண்டிலும் முக்கிக் கரண்ட் கொடுத்தான். எங்கள் தம்ளர் கண்ணெதிரே பழுப்பாகிப் பச்சையாகி, அடியில் சகதி தள்ளியது. அவனுடையது அப்படியே இருந்தது. "இதத்தான் சார் உங்க குழந்தை தினமும் குடிக்குது" என்றான். என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

மாமனார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "தம்பி, அந்த நல்ல தம்ளர்ல ஒரு சிட்டிகை சாப்பாட்டு உப்பப் போட்டுட்டு, திரும்பக் கரண்ட்டு குடுங்க பாப்போம்" என்றார். சகதி தண்ணீரிலிருந்து வருவதில்லை, இரும்புக் கம்பி கரைந்து வருகிறது. உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், கம்பி கரையும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் கம்பி பிழைத்தது. பையனுக்கு வேறொரு வீட்டில் அவசர வேலை ஞாபகம் வந்தது. போகிறவனை நிறுத்தி மாமனார் இன்னொரு பாடமும் எடுத்தார்: டி.டி.எஸ். மீட்டர் கரைந்த உப்புகளின் மொத்தத்தை மின்சாரத்தை வைத்து ஊகிக்குமே தவிர, அதில் கடினத்தன்மை எவ்வளவு என்று சொல்லாது. அதற்குத் தனிச் சோதனை இருக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை வரை நல்லது என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 600 வரை பொறுத்துக்கொள்கிறது. பையன் செருப்பை மாட்டிக்கொண்டே தலையாட்டினான்.

குடியிருப்பு முழுக்க ஒரு சாஃப்ட்னர் வைத்தால் என்ன என்று சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்தது. அந்த மெஷின் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும். அவ்வப்போது மூட்டை உப்பைக் கரைத்து ஊற்றி அதற்குத் தெம்பேற்ற வேண்டும். "உப்பைப் போக்க உப்பு வாங்கணுமா? யாரை ஏமாத்தறீங்க?" என்று மூன்றாம் மாடிக்காரர் கேட்டதோடு அது முடிந்தது.

பிறகு மழைநீர்த் தொட்டி விஷயம் எழுந்தது. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களே, அந்தச் சட்டத்துக்குப் பணிந்து எங்கள் குடியிருப்பிலும் ஒரு குழி உண்டு. மொட்டைமாடி மழையை நேரே பூமிக்குள் விட்டால் நாளடைவில் போர் தண்ணியின் உப்பு நீர்த்துப்போகும். ஆனால் கூழாங்கல்லும் மணலும் சேறு அடைத்துக் கிடந்தால் மழை தெருவுக்குத்தான் ஓடும். ஐப்பசிக்கு முன்னால் எல்லாவற்றையும் வாரி, கழுவித் திரும்பப் போட வேண்டும் என்றேன். அபூர்வமாக எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். கீழ்த்தளத்துக்காரர் மட்டும் எழுந்து, "குழி மூடி மேலதான் என் காரு நிக்குது. தோண்டற ரெண்டு நாளும் வண்டிய எங்க விடறது, அதச் சொல்லுங்க" என்றார்.

அவருக்கு இடம் கொடுப்பது யார் என்பதில் ஒன்பதரை மணி ஆகிவிட்டது. செயலாளர் விஷயத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார். அடுத்த கூட்டம் தை மாதம்.