வலது வரிசை பிசிக்ஸ், இடது வரிசை கெமிஸ்ட்ரி

மாட்சிமை தங்கிய தாளாளர் ஐயா அவர்களின் திருச்சமூகத்துக்கு,

பிளஸ் டூ மாணவி ஒருத்தியின் தகப்பன், இடது வரிசைக்காரன், பணிவோடு எழுதிக்கொள்வது.

போன சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தாங்கள் அருளியதை நினைத்து நினைத்து வியந்துகொண்டிருக்கிறேன். "காலாண்டுல பிசிக்ஸ்ல குறைஞ்ச பிள்ளைகளோட பேரன்ட்ஸ் ரைட் சைடு. கெமிஸ்ட்ரில குறைஞ்சவங்க லெஃப்ட் சைடு." நாற்காலிகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு இடம் மாறினோம். வலது வரிசைக்குத் தங்கள் குரல் கனிந்தது. பிசிக்ஸ் கஷ்டமான பாடம்தான், பிள்ளைகளைத் திட்டாதீர்கள் என்று ஆறுதல் சொல்லி, ஆளுக்கொரு கிராஷ் கோர்ஸ் படிவமும் கொடுத்தீர்கள், 18,000 ரூபாய். இடது வரிசைக்கு வந்தது வேறு தாள். 'எளிய பாடமான வேதியியலில்கூட என் மகன்/மகள் அக்கறை காட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்' என்று அச்சடித்த உறுதிமொழி. 'மகன்' என்பதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பேனா கொடுத்தது பக்கத்தில் நின்ற மகள்தான். பிசிக்ஸில் 78, கெமிஸ்ட்ரியில் 44 வாங்கிய கையால் கொடுத்தாள்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றே ஒவ்வொரு வீட்டிலும் தொடங்கிவிடுகிற பட்டிமன்றம் இது. பிசிக்ஸ் ஈஸியா, கெமிஸ்ட்ரி ஈஸியா? மாமா ஒன்று சொல்வார், டியூஷன் மாஸ்டர் வேறொன்று சொல்வார். தாங்களோ ஒரே மைக்கில் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். நாற்காலி போடுவதில் மட்டும் அடியேனுக்குச் சில ஐயங்கள்.

மேரி கியூரி அம்மையார் நம் ஹாலுக்குள் வந்தால் எந்த வரிசை ஐயா? 1903இல் பிசிக்ஸுக்கு நோபல் பரிசு, 1911இல் கெமிஸ்ட்ரிக்கு. நடைவழியில் ஒரு ஸ்டூல் போட்டுவிடலாமா? ரூதர்ஃபோர்டு இன்னும் வில்லங்கம். மான்செஸ்டரில் பிசிக்ஸ் பேராசிரியராக இருந்தபோது, 1908இல் அவருக்குக் கிடைத்தது கெமிஸ்ட்ரி நோபல். கஷ்டமான பாடத்தில் சம்பளம், ஈஸியான பாடத்தில் பரிசு. விவரமான மனிதர், கிராஷ் கோர்ஸ் பணமும் மிச்சம். நம்ம சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். பிசிக்ஸில் டாக்டர் பட்டம் வாங்கிய கையோடு உயிரியல் படிக்கப் போனார். கடைசியில் 2009இல் ரைபோசோமுக்காகக் கெமிஸ்ட்ரி நோபல் வாங்கினார். இவர் நாற்காலியை எத்தனை முறைதான் இழுப்பது? 2024இல் கூத்து முற்றிவிட்டது. கெமிஸ்ட்ரி நோபலில் பாதி, புரதத்தின் வடிவத்தைக் கணிக்கிற கம்ப்யூட்டர் புரோகிராமுக்குப் போனது. பிசிக்ஸ் நோபலோ செயற்கை நரம்பு வலைப்பின்னலுக்கு. கம்ப்யூட்டர் சயின்ஸ் பேரன்ட்ஸ் வெளியே வராந்தாவில் நிற்கிறார்கள், எந்தப் பக்கம் என்று ஸ்டாக்ஹோம்காரர்களுக்கே தெரியவில்லை. தாங்கள் ஒருமுறை போய் மைக்கைத் தட்டினால் புண்ணியமாகப் போகும்.

பரீட்சை நடத்துகிறவர்களும் பாவம், விவரம் போதாதவர்கள். பொறியியல் கட்-ஆஃப் 200இல் கணக்குக்கு 100, பிசிக்ஸுக்கு 50, கெமிஸ்ட்ரிக்கும் அதே 50. நீட்டில் இதற்கும் 45 கேள்வி, அதற்கும் 45 கேள்வி. ஈஸியான பாடத்துக்கு மார்க்கைக் குறைத்துப் போட வேண்டும் என்கிற அறிவு யாருக்கும் இல்லை.

போன வருஷம் பிளஸ் ஒன்னில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வெப்ப இயக்கவியலின் முதல் விதியைப் பிசிக்ஸ் வகுப்பில் Q கழித்தல் W என்று என் மகள் படித்தாள். மறு பீரியடில் கெமிஸ்ட்ரி புத்தகத்தைத் திறந்தால் q கூட்டல் w. விதி ஒன்றுதான். அமைப்பு செய்கிற வேலையைப் பிசிக்ஸில் கூட்டலாக எடுத்துக்கொள்கிறார்கள், கெமிஸ்ட்ரியில் கழித்தலாக. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லித்தர ஒரு ஆசிரியர் போதும், ஐந்து நிமிஷம் போதும். சொல்லித்தர ஆளில்லாத பிள்ளை அந்தக் குறியை இந்தத் தாளில் எழுதி மார்க்கைக் கோட்டை விடும். அது எந்த வரிசைக் குற்றம் ஐயா?

நம் பள்ளி வழக்கப்படி உருப்போட்டால் இரண்டுமே ஈஸிதான். வான் டி கிராஃப் மின்னியற்றியைப் படத்தோடு ஐந்து மார்க்குக்கு ஒப்பிக்கிற பிள்ளை, ஹேபர் முறையையும் ஒப்பித்துவிடும். புரிந்துகொள்ள உட்கார்ந்தால்தான் வம்பு. கெமிஸ்ட்ரிக்கு வேண்டிய அடிப்படை விதிகளெல்லாம் தெரிந்துவிட்டன, அந்தச் சமன்பாடுகளைத் தீர்ப்பதுதான் முடியவில்லை என்று 1929லேயே பிசிக்ஸ்காரர் பால் டிராக் எழுதிவிட்டார். ஹைட்ரஜனுக்கு ஒரே எலக்ட்ரான், கணக்கு ஒழுங்காக முடிகிறது. ஹீலியத்தில் இரண்டாவது எலக்ட்ரான் வந்து சேர்ந்ததும் தோராயத்தில் இறங்கிவிடுகிறோம். பென்சீனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். டிராக்கும் உங்கள் உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட வேண்டியவர்தான்.

நிற்க. ஆடி மாதம் கெமிஸ்ட்ரி மிஸ் போய்விட்டார். சம்பளப் பிரச்சினை என்று பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள், எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அன்றிலிருந்து அந்த பீரியடுக்கு 'ஸ்டடி ஹவர்' என்று பெயர், ஜெராக்ஸ் நோட்ஸ்தான் ஆசிரியர். ஒருநாள் பிசிக்ஸ் சார் பாவம் பார்த்து உள்ளே வந்து, d ஆர்பிட்டால்கள் ஐந்தும் மூன்றும் இரண்டுமாகப் பிரிகிற இடத்தைப் பார்த்துவிட்டு, "இது எங்க ஏரியாவாச்சே" என்று பாதி நடத்தினாராம். மறுநாள் அவரைக் கிராஷ் கோர்ஸ் ஹாலுக்கு அனுப்பிவிட்டீர்கள். லேப் பூட்டிக் கிடக்கிறது. ஜன்னல் வழியே பார்த்தேன். டைட்ரேஷன் மேஜைமேல் பிளாஸ்டிக் நாற்காலிகள், பியூரெட் ஸ்டாண்டில் சாய்ந்தபடி ஆண்டு விழாவுக்குச் செய்த தெர்மாகோல் அன்னப்பறவை. லேப் ஃபீஸ் மட்டும் ஜூனிலேயே வாங்கியாயிற்று.

நான் படித்த அரசுப் பள்ளியில் கூரை ஒழுகும். ஆனால் லேப் திறந்திருக்கும். நைட்ரேட் இருக்கிறதா என்று பார்க்க, ஃபெரஸ் சல்ஃபேட் சேர்த்த சோதனைக்குழாயைச் சாய்த்துப் பிடித்து, அடர் கந்தக அமிலத்தை ஓரமாக வழியவிட வேண்டும். இரண்டும் சந்திக்கிற கோட்டில் பழுப்பு வளையம் ஒன்று மெல்லத் திரண்டு நிற்கும். கை ஆடினால் கலைந்துவிடும். கலைத்த பையன்களுக்கு வாத்தியார் திட்டிக்கொண்டே இன்னொரு குழாய் எடுத்துக் கொடுப்பார். என் மகள் அந்த வளையத்தைப் பார்த்ததில்லை. ரெக்கார்டு நோட்டில் 'பழுப்பு வளையம் தோன்றியது' என்று எழுதியிருக்கிறாள். எங்கேய்யா தோன்றியது? வாத்தியாரைத் துரத்திவிட்டு, லேபைப் பூட்டிவிட்டு, பாடம் ஈஸி, உன் பிள்ளைதான் சோம்பேறி என்று பதினேழு வயசுப் பெண்ணின் முன்னால் அவள் அப்பனிடம் எழுதி வாங்குகிறீர்களே, கொஞ்சமாவது கூசவில்லை?

மன்னிக்க வேண்டும், பேனா சூடாகிவிட்டது. தாங்கள் கல்வி வள்ளல், தங்கள் நிர்வாக நுட்பம் எனக்கு இப்போதுதான் பிடிபடுகிறது. கஷ்டம் என்று அறிவித்த பாடத்துக்குத் தனிக் கட்டணம் வரும். ஈஸி என்று அறிவித்த பாடத்துக்கு ஆசிரியர் சம்பளம் மிச்சமாகும். இரண்டு வரிசையிலிருந்தும் வரவு. எந்த நோபல் பரிசும் இதற்குப் பொருந்தாது, பொருளாதாரத்துக்குக் கொடுப்பதைத் தவிர. அடுத்த ஆண்டு கணக்கையும் ஈஸி என்று அறிவித்துவிட்டால் இன்னொரு சம்பளமும் மிஞ்சும், நடுவில் மூன்றாவது வரிசை போட ஹாலில் இடமிருக்கிறது.

ஒரே ஒரு விண்ணப்பம். ஈஸியான பாடத்தை நடத்த எம்.எஸ்சி., பி.எட். எதற்கு? திங்கட்கிழமை மூன்றாவது பீரியட் தாங்களே வாருங்கள். இரண்டு வரிசைக்காரர்களும் கடைசி பெஞ்சில் அடக்கமாக உட்கார்ந்து கேட்கிறோம். பாடம் படிகப் புலக் கொள்கையில் நிற்கிறது. டைட்டானியம் அணைவு ஏன் ஊதாவாகத் தெரிகிறது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சாக்பீஸ் நான் வாங்கி வருகிறேன்.

இப்படிக்கு,
ஃபீஸ் பாக்கி இல்லாத பெற்றோர் ஒருவன்