டம்ளர் விஞ்ஞானி

கொடைக்கானலில் பள்ளிக்கூடப் பிள்ளை உள்ள வீடென்றால் என்றாவது ஒருநாள் சன்னல் திண்டில் இரண்டு கண்ணாடி டம்ளர்கள் வந்து உட்கார்ந்தே தீரும். உள்ளே பஞ்சு, பஞ்சுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இரண்டிரண்டு பீன்ஸ் விதை. ஒரு டம்ளரில் தண்ணீர் தெளிக்க வேண்டும், மற்றதில் சொட்டுக்கூட விடக்கூடாது. வேலை கொடுத்தது டீச்சர், பேர் பிள்ளைக்கு, செய்வது அப்பா. இந்த அப்பாதான் டம்ளர் விஞ்ஞானி. இவருடைய சோதனை ஊற்றிக்கொண்டால் எல்லோரும் மலைக்குளிரின் மேல் பழியைப் போடுவார்கள். என் கட்சி வேறு. சோதனையைக் கெடுப்பது அவர் வீட்டாரின் இளகிய மனசு.

குளிரை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. பீன்ஸ் விதைக்கு 20 முதல் 25 டிகிரி வரை இருந்தால் சுகம். 10 டிகிரிக்குக் கீழே போனால் ஈரத்தில் ஊறிக் கிடந்து அழுகிவிடும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊரில் மார்கழி இரவு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் குளிர் இரண்டு டம்ளருக்கும் பொதுதானே? விஞ்ஞானி அப்படி விடுவதில்லை. மறுநாளே ஒன்றை மட்டும் அடுப்படிக்குக் கொண்டுபோய்விடுவார். விதை விஷயமும் இதே கதைதான். முதலில் பொரியலுக்கு வாங்கிய பிஞ்சுக் காயைப் பிளந்து பச்சை விதையை எடுப்பார். கொடியிலேயே காய்ந்து முற்றாத விதை எங்கே முளைக்கும்? பிறகு கடையில் விதை வாங்கி, அதன்மேல் பூசியிருக்கும் ரோஸ் நிறப் பூஞ்சண மருந்தை அழுக்கென்று நினைத்துத் தேய்த்துக் கழுவுவார். முளை விட்டதும் வேர் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று தினமும் வெளியே எடுத்துப் பார்ப்பார். தண்டு கொக்கிபோல் வளைந்து இரண்டு பருப்பையும் மேலே இழுத்து வரும் நேரத்தில், “பாவம், திணறுது” என்று விரலால் நிமிர்த்துவார். அது முறியும்.

இத்தனையும் மன்னிக்கலாம். தண்ணீர் விடாத டம்ளரின் கதிதான் மோசம். பக்கத்து டம்ளர் நனைந்திருக்க, இது மட்டும் காய்ந்து கிடப்பதை அப்பத்தாவால் சகிக்க முடியாது. “விதைன்னாலும் அதுக்கும் தாகம் இருக்கும்லய்யா” என்று யாரும் பார்க்காதபோது ஒரு கரண்டி ஊற்றிவிடுவார். சில நாளில் இரண்டும் முளைக்கும். தண்ணீர் இல்லாமலும் பீன்ஸ் முளைக்கும் என்று நோட்டில் அப்பாவின் கையெழுத்தில் ஏறும்.

சின்னப் பிள்ளை விளையாட்டுக்கு இவ்வளவு கறாரா என்று கேட்பீர்கள். கறார் இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அத்தாட்சி அதே ஊரில் இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1901 முதல் சூரியனைப் பார்த்து வருகிறார்கள். கரும்புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிப்பக்கமாக ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909-இல் அங்கேதான் கண்டுபிடித்தார். சூரியன் சுமார் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருந்தது அவருடைய பாக்கியம். சன்னல் திண்டில் இருந்திருந்தால் யாராவது இரக்கப்பட்டு அதன்மேலும் தண்ணீர் தெளித்திருப்பார்கள்.

விவசாயியும் பயிரைக் கண்ணும் கருத்துமாகத்தானே பார்க்கிறான் என்பது அடுத்த ஆட்சேபம். பார்க்கிறான், ஆனால் குழிக்கு இரண்டு மூன்று விதை போடும்போதே ஒன்று போனாலும் போகும் என்று கணக்கு வைத்துத்தான் போடுகிறான். முளைத்ததா என்று மண்ணைத் தோண்டுவதில்லை. டம்ளர் விஞ்ஞானிக்கோ போட்ட விதை அத்தனையும் பாஸாக வேண்டும். ஒன்று ஃபெயிலானால்தான் பாடமே என்றால் ஏற்கமாட்டார்.

இதற்கு ஒரு வழி தோன்றுகிறது. தண்ணீர் விடாத டம்ளரை மட்டும் பள்ளிக்கூட அலமாரியில் வைத்துப் பூட்டிவிடலாம். சிக்கல் என்னவென்றால், சாவி ஆயாம்மாவிடம் இருக்கும்.