காருக்குச் சாராயம் பழக்குவது எப்படி?

தில்லியில் பெட்ரோல் காரை எத்தனாலுக்கு மாற்ற நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. வழக்கமான பெட்ரோல் பங்கில் வழக்கம்போல டாங்கை நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். ஐந்தில் ஒரு பங்கு வேலை முடிந்துவிட்டது. 2003-ல் 5 சதவீதம் என்று தொடங்கிய எத்தனால் கலப்பு 2022 ஜூனில் பத்தைத் தொட்டு, 2025-ல் இருபதுக்கு வந்து நிற்கிறது. 2018-ல் கொள்கை எழுதியபோது 2030 என்றுதான் போட்டிருந்தார்கள். முப்பத்து மூன்று வருட சர்வீஸில், கெடுவுக்கு ஐந்து வருடம் முன்னால் முடிந்த ஒரு ஃபைலை நான் கண்ணால் பார்த்ததில்லை.

கார் பழகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? மனுஷனுக்குச் சொல்லும் அதே அறிகுறிதான்: வாங்கும் காசுக்கு வேலை நடக்காது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் இறங்கும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 14 கொடுக்கும். 35 லிட்டர் டாங்கில் இது ஆர்.கே.புரத்திலிருந்து குருகிராம் போய்த் திரும்பும் தூரம். நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், ஏற்றத்தில் என்ஜின் தட்டாது. தில்லியில் ஏற்றம் என்றால் ஃப்ளைஓவர்தான், அதில் வண்டிகள் நின்றுகொண்டிருக்கும்.

அடுத்து வரும் கணக்கை வீட்டில் சொல்லாதீர்கள். நான் சொன்னேன். எத்தனால் கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் மட்டும் வரவில்லை, 2024-25-ல் இந்திய உணவுக் கழகத்தின் அரிசி 52 லட்சம் டன்னை இதற்கென்றே கிலோ இருபத்திரண்டரை ரூபாய்க்கு ஒதுக்கினார்கள் என்று ஆரம்பித்தேன். நம் டாங்கில் இருக்கிற ஏழு லிட்டர் எத்தனாலும் அரிசியில் காய்ச்சியது என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 15 கிலோ அரிசி ஆகிறது. மனைவி மாவு கரைத்த கையோடு வந்து பெட்ரோல் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இதை நனைச்சா ரெண்டு மாசத்துக்கு இட்லி."

அடுத்தது மெக்கானிக். பழைய வண்டிகளில் 20,000, 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டிவரலாம், செலவு அதிகமில்லை என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கம் கொடுத்தது. முனிர்காவில் எங்கள் உஸ்தாத் ஃப்யூல் பைப்பைக் கழற்றி, அப்பளத்தை மடிப்பதுபோல மடித்துக் காட்டினார். உள்பக்கம் பாட்டியின் குதிகால்போல வெடித்திருந்தது. "எத்தனால், அங்கிள்ஜி." பதினான்கு வயதுப் பைப் எத்தனால் இல்லாமலே வெடித்திருக்குமே என்று வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். முன்பெல்லாம் அவருக்கு எல்லா நோய்க்கும் காரணம் 'கச்ரா', அதாவது குப்பை. டாங்கில் கச்ரா, ஃபில்டரில் கச்ரா. இப்போது ஹாரன் அடிக்காததற்கும் எத்தனால்தான். காஷ்மீரி கேட்டில் போய் நீங்களே பைப் வாங்கிவந்தால் கொஞ்சம் மிச்சமாகும், நட்பு போய்விடும்.

இன்னொன்று. ஒரு மாதம் கும்பகோணம் போகிறவர்கள் காரை அப்படியே மழைக்காலத்தில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. பால்காரர் தண்ணீரைத் தானே ஊற்ற வேண்டியிருக்கிறது, எத்தனால் காற்றிலிருந்தே இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் கூட்டுச் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டாங்கின் அடியில் உட்கார்ந்துவிடும். பம்ப் முதலில் உறிஞ்சுவதும் அந்த அடியைத்தான்.

இருபது போதாது, முழுக் குடியாக மாற்ற வேண்டும் என்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. 2024 மார்ச் 15 அன்று அமைச்சர் ஹர்தீப் சிங் புரி இர்வின் ரோடு பங்கில் 'எத்தனால் 100' விற்பனையைத் தொடங்கிவைத்தார். பூம்புகார் கடைக்குக் குத்துவிளக்கு வாங்கப் போகிற அதே பக்கம்தான். ஆனால் ஒரு பங்கு பெட்ரோல் எரிய கிட்டத்தட்ட பதினைந்து பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு ஒன்பதே போதும். அதாவது இழுக்கிற அதே காற்றுக்கு இன்ஜெக்டர் ஒன்றரை மடங்குக்கு மேல் ஊற்ற வேண்டும். உங்கள் காரின் கம்ப்யூட்டர் இதைக் கேட்டதும் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கைப் போட்டுவிட்டு விலகிக்கொள்ளும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி மாற்றம் ஆர்.சி.யிலும் ஏற வேண்டும். கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கர் பெட்ரோலுக்கு வெளிர் நீலம், டீசலுக்கு ஆரஞ்சு. சாராயத்துக்கு என்ன நிறம் என்று ஆர்.டி.ஓ. கவுண்டரில் கேட்க ஒருநாள் லீவு போட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு ஜனவரி வரும். குளிரில் எத்தனால் சரியாக ஆவியாகாது. 15 டிகிரிக்குக் கீழே தனி எத்தனாலில் என்ஜினைக் கிளப்புவதே பெரும்பாடு. தைப்பூசத்தன்று மலை மந்திருக்குக் காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் முருகனே வந்து தள்ள வேண்டும். 1979-லிருந்து எத்தனால் கார் ஓட்டும் பிரேசில்காரர்கள் இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். பானெட்டுக்குள் சின்னதாக இன்னொரு டாங்க் வைத்தார்கள், அதில் பெட்ரோல்.

மாறவே வேண்டாம், கலக்காத சாதாப் பெட்ரோலும் விற்கட்டும் என்று ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2025 செப்டம்பர் 1-ல் மனு தள்ளுபடி. என் காருக்குப் பதினைந்து வயது நெருங்குகிறது. அந்த வயதைத் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்குப் பங்கில் எதுவுமே ஊற்றக் கூடாது என்று 2025 ஜூலை 1 அன்று கேமரா வைத்துப் பார்த்தார்கள், இரண்டு மூன்று நாளில் நிறுத்திவைத்தார்கள். அதனால் டாங்க் பாதி இறங்கியதுமே இப்போது ஓடிவிடுகிறேன். நேற்றும் போனேன். பையன் குழாயைச் செருகிவிட்டு, "ஜீரோ பார்த்துக்குங்க அங்கிள்ஜி" என்று மீட்டரைக் காட்டினான். பார்த்துக்கொண்டேன். இதில் எத்தனால் எவ்வளவு தம்பி என்றேன்.

"அதெல்லாம் கிடையாது. சாதாப் பெட்ரோல்."