சிஸ்டம் சார்

மே மாதத்துச் சென்னையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவர்தான் சிஸ்டம் சார். சர்வர் அறையை ஒட்டி, ஏசிக்கு நேர் கீழே அவர் இருக்கை. கிளை அலுவலகத்தில் எவரும் அவரை நேரில் பார்த்ததில்லை. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் சலித்துக்கொள்ளும் ஒரு குரலும், தானாக நகரும் மவுஸ் அம்பும்தான்.

எந்தக் கோளாறைச் சொன்னாலும், "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்பார். பண்ணிவிட்டோம் என்றால் நம்பமாட்டார். "சரி, எனிடெஸ்க் நம்பர் சொல்லுங்க."

நெல்லைக் கிளையின் அக்கவுண்ட்ஸ் மேடம் ஒன்பது இலக்கத்தையும் வாசிப்பதற்குள் சாரின் டீ ஆறிவிடும்.

"அக்செப்ட் குடுங்க மேடம்."

"எங்க சார்?"

"கண்ணு முன்னாடி பெருசா வந்திருக்கும் பாருங்க. குடுத்துட்டு மவுஸ்ல இருந்து கையை எடுங்க!"

மேடம் எடுக்கமாட்டார். அம்பு திரையில் கபடி ஆடும்.

எனிடெஸ்க் வழியே கிளைக் கணினிக்குள் போனால் எல்லாம் தெரிந்துவிடும். வால்பேப்பரில் இருக்கும் முருகனின் வேலை எக்ஸெல் ஃபைல்கள் மறைத்திருக்கும். 'பாஸ்வேர்ட்' என்ற பெயரிலேயே ஒரு ஃபைல் இருக்கும். டேலிக்குப் பின்னால் நேற்றைய சீரியல் பாதியில் நிற்கும். சார் அதைச் சத்தமில்லாமல் மூடிவிடுவார், யாரிடமும் மூச்சு விடமாட்டார். இந்த நாகரிகம் நம் சொந்தக்காரர்களில் எத்தனை பேருக்கு உண்டு?

சில நாள் விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப் வழியாகப் போவார். அவர் நுழைந்ததும் அங்கே திரை பூட்டிக்கொள்ளும். "சிஸ்டம் செத்துப்போச்சு சார்" என்று அவருக்கே போன் வரும்.

அவருக்கும் கண்டம் உண்டு. ராத்திரி பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ரீஸ்டார்ட்டுக்குப் பதில் ஷட் டவுனை அமுக்கிவிடுவார். அணைந்த கணினியை நெட்வொர்க் வழியே எழுப்ப வேக் ஆன் லேன் என்று ஒரு வசதி இருக்கிறது. ஆனால் அதை முன்கூட்டியே செட் செய்து வைத்திருக்க வேண்டும். சார் அதை இரண்டு வருஷமாக 'அடுத்த வாரம்' செய்யப்போகிறார். இப்போது மிச்சமிருக்கும் ஒரே தொழில்நுட்பம் கிளை வாட்ச்மேன். சாரின் குரலில் அப்போதுதான் தேன் சொட்டும்.

"அண்ணே, மேசைக்குக் கீழ கறுப்பா ஒரு பெட்டி இருக்கும்ணே..."

"எந்தப் பொட்டி சார்? துட்டு வைக்க பொட்டியா? அதைத் தொட்டா மேனேஜர் ஏசுவாவளே!"

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பேங்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி யாராவது இதே எனிடெஸ்க் நம்பரைக் கேட்டால் போனை வைத்துவிடுங்கள். 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி இந்த மோசடி பற்றி எச்சரித்திருக்கிறது. திருடன் யார், சிஸ்டம் சார் யார் என்று குழம்பவே வேண்டாம். திருடன் மரியாதையாகப் பேசுவான்.